வேகம் வயரில் இருந்தது

1990களின் கடைசியில் தொடங்கிப் பல ஆண்டுகள், "நெட் ரொம்ப ஸ்லோவா இருக்கு, ஒரு எட்டு வந்து பாருங்க" என்ற அழைப்பை நம்பி மதுரையில் பலருக்குப் பிழைப்பு நடந்தது. கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்றவர்கள், வருடப் பராமரிப்பு எடுத்தவர்கள், பிரவுசிங் சென்டர் வைத்தவர்கள் எல்லோருமே ஸ்க்ரூ டிரைவரோடு வீடு வீடாகப் போனோம். அண்ணாநகர், கே.கே.நகர், எஸ்.எஸ்.காலனி, திருநகர் என்று எங்கே போனாலும் முதலில் கம்ப்யூட்டரைத்தான் காட்டுவார்கள். ராம் கூட்டணுமா, பிராசசர் மாத்தணுமா என்று கேட்பார்கள். நான் டெலிபோன் ரிசீவரை எடுத்துக் காதில் வைப்பேன். டயல் டோன் வந்ததும் ஒரே ஓர் எண்ணை அழுத்துவேன். டோன் நின்று லைன் அமைதியாகும் அந்தச் சில வினாடிகளில் கரகரப்பு கேட்டால், பாதி வேலை முடிந்தது என்று அர்த்தம்.

இந்தத் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டயல்-அப்பின் வேகத்தில் கம்ப்யூட்டருக்குள் இருந்தது கொஞ்சம்தான். வீட்டுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் இடையில் ஓடிய செம்புக் கம்பியிலும், எதையெல்லாம் இறக்க வேண்டாம் என்று நாம் எடுத்த முடிவிலும்தான் மீதி முழுவதும் இருந்தது.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. படங்களோடு பக்கங்களைப் பார்க்க வசதியுள்ள டிசிபி-ஐபி கணக்குக்குத் தனிநபர் 15,000 ரூபாய் கட்ட வேண்டும். மாணவர்களுக்கான ஷெல் கணக்கு 500 ரூபாய். அதில் எழுத்து மட்டும்தான் வரும். கறுப்புத் திரையில் பைன் வைத்து மெயில் படிப்பார்கள், லிங்க்ஸ் வைத்துப் பக்கம் பார்ப்பார்கள். நாடெங்கும் கெட்டிக்காரப் பையன்கள் அந்த ஷெல் கணக்குக்குள் ஸ்லர்ப் என்ற சிறிய நிரலை ஓடவிட்டு, ஐந்நூறு ரூபாய்க் கணக்கில் படங்களையும் பார்த்தார்கள்.

மதுரையில் கஷ்டம் இன்னொன்று. உள்ளூர் எண் கிடைப்பதற்கு முன் சென்னைக்கு எஸ்.டி.டி. போட்டுத்தான் இணைய வேண்டும். கணக்குக்குக் கட்டிய பணம் வருடத்துக்கு ஒருமுறைச் செலவு. டெலிபோன் பில்தான் மாதாமாதம் கழுத்தைப் பிடித்தது. அதனால் எங்கள் முதல் வேகப் பாடம் மோடத்தைத் தொடவே இல்லை. மெயில்களை எல்லாம் இணைப்பு இல்லாமலே எழுதி அவுட்பாக்ஸில் அடுக்கி வை. இணை, அனுப்பு, வந்ததை இறக்கு, உடனே துண்டி. பிறகு சாவகாசமாகப் படி. இணைப்பிலேயே உட்கார்ந்து யோசித்து யோசித்து மெயில் எழுதியவர்களின் பில்லையும், இப்படிச் செய்தவர்களின் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். எந்த மென்பொருளாலும் தர முடியாத மிச்சம் அது.

1998 நவம்பரில் இணையச் சேவைக்குத் தனியாருக்கும் வழி திறந்தது. அதன்பின் மணிக்கணக்கு பாக்கெட்டுகள் கடைகளுக்கு வந்தன. டவுன்ஹால் ரோட்டிலும் மாசி வீதிகளிலும் பிரவுசிங் சென்டர் போர்டுகள் முளைத்தன. வீடுகளில் விண்டோஸ் 98 ஓடியது. 56கே மோடம் என்று பெட்டியில் அச்சிட்டிருந்ததைப் பார்த்து வாங்கியவர்கள், 56 வரவில்லையே என்று எங்களைக் கூப்பிடத் தொடங்கினார்கள்.

56 எங்கேயும் வராது. மோடத்தின் கணக்கே அப்படி. இணைய நிறுவனத்தின் பக்கம் டிஜிட்டல் இணைப்பு இருக்க வேண்டும். எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடுவரை மட்டும் சாதாரணக் கம்பி இருக்கலாம். சிக்னல் வழியில் ஒரே ஒரு முறைதான் டிஜிட்டலிலிருந்து அனலாகுக்கு மாறலாம். அப்படி எல்லாம் சரியாக அமைந்தாலும் நல்ல லைனில் கிடைப்பது 44,000, 45,333, 48,000 என்ற அளவுதான். நடுவில் இன்னொரு மாற்றம் வந்துவிட்டால், அதாவது அலுவலகத்தின் பழைய ஈபிஏபிஎக்ஸ் வழியாகவோ, ஒரே கம்பியில் இரண்டு நம்பர் ஓட்டும் கருவி வழியாகவோ லைன் வந்தால், 33,600ஐத் தாண்டவே தாண்டாது.

அதனால் திரையின் ஓரத்தில் மோடம் காட்டும் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். 45,333 என்று உடைந்த எண் வந்தால் வி.90 என்ற 56கே முறையில் இணைந்திருக்கிறது, லைன் நலம். 33,600 அல்லது 31,200 என்று நின்றால் வழியில் இரண்டாவது மாற்றம் இருக்கிறது. கம்ப்யூட்டரில் என்ன செய்தும் பயனில்லை. 21,600, 19,200 என்று விழுந்தால் வீட்டு வயரிலோ தெருக் கம்பியிலோ இரைச்சல். எப்போது இணைத்தாலும் 1,15,200 என்று காட்டினால் அது லைனின் வேகமே அல்ல. கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் இடையிலான போர்ட்டின் வேகம். "எங்க வீட்ல ஒரு லட்சத்துக்கு மேல வருது சார்" என்று பெருமையாகச் சொன்னவர்களிடம் அதைப் புரியவைப்பது சங்கடமான வேலை.

திருநகரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீடு. மகன் அமெரிக்காவில், மெயிலில் பேரனின் படம் வரும். இணைப்பு 21,600ல் வந்து, பாதிப் படத்தில் அறுந்துபோகும். அவர் ஏற்கெனவே மோடம் மாற்றியிருந்தார். நான் டெலிபோன் வயரைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். தெருக் கம்பத்திலிருந்து வந்த வயர் வாசலில் ஒரு ரோசெட் பெட்டியில் முடிந்தது. அங்கிருந்து ஹாலுக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று என மூன்று பேரலல் இழுத்திருந்தார்கள். கம்ப்யூட்டருக்குப் போன வயர், முறுக்கில்லாத தட்டை வயர். டியூப் லைட் சோக்கை ஒட்டியே ஆணியடித்துக் கொண்டுபோயிருந்தார்கள். ரோசெட்டைத் திறந்தால் உள்ளே எறும்புப் புற்று. ஸ்க்ரூக்களில் பச்சைப் பாசிபோல் களிம்பு.

"சார், மாடி போன் அவசியம் வேணுமா?"

"அது யாரும் எடுக்கறதில்ல தம்பி. கெடக்கட்டும்னு விட்டிருக்கோம்."

மாடி வயரையும் படுக்கையறை வயரையும் கழற்றினேன். ஸ்க்ரூவையும் கம்பி நுனியையும் உப்புத்தாளால் தேய்த்து, புதிய நுனி எடுத்து இறுக்கினேன். ரோசெட்டிலிருந்து மோடத்துக்கு முறுக்கு வயர் ஒன்றைத் தனியாக, கரண்ட் வயரை விட்டு விலக்கி இழுத்தேன். அடுத்த இணைப்பு 44,000ல் நின்றது; அறுபடவும் இல்லை. கம்ப்யூட்டரில் ஒரு செட்டிங்கைக்கூடத் தொடவில்லை.

வீட்டுக்குள் எல்லாம் சரியாக இருந்தும் இரைச்சல் நின்றபாடில்லை என்றால் வெளியே பார்க்க வேண்டும். அது லைன்மேனின் ராஜ்ஜியம். கம்பத்து டி.பி. பெட்டி, தெருமுனை பில்லர், அதில் ஜம்பர், மழைத் தண்ணீர் இறங்கிய ஜாயின்ட் என்று அவர்களுக்கு ஊரின் ஒவ்வொரு கம்பியும் அத்துபடி. "பேர் மாத்திக் குடுங்கண்ணே" என்று கேட்டால், பில்லரில் நல்ல 'பேர்', அதாவது கம்பி இணை, ஒன்று காலியாக இருந்தால் மாற்றித் தருவார்கள். சம்பளப் பட்டியலில் இணையம் என்ற சொல்லே இல்லாத அந்த மனிதர்கள்தான் மதுரையின் இணைய வேகத்துக்கு எங்களைவிட அதிகம் செய்தவர்கள் என்று உறுதியாகச் சொல்வேன்.

கம்ப்யூட்டருக்குள் செய்ததில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதும் பதிவாக வேண்டும். ஏனென்றால் அந்தக் காலத்தில் ரெஜிஸ்ட்ரி திருத்தங்கள் மந்திரம்போலக் கைமாறின.

பலித்தவை எளியவை. விண்டோஸ் 98இல் டயல்-அப் இணைப்பின் பண்புகளைத் திறந்தால் 'லாக் ஆன் டு நெட்வொர்க்' என்ற கட்டம் டிக் ஆகியிருக்கும். அதை எடுத்துவிட வேண்டும். நெட்பியூவி, ஐபிஎக்ஸ் என்ற நெறிமுறைகள் இரண்டையும் நீக்கி டிசிபி-ஐபியை மட்டும் வைக்க வேண்டும். இல்லையென்றால் பாஸ்வேர்டு சரிபார்த்த பிறகும், இல்லாத அலுவலக நெட்வொர்க்கைத் தேடிக்கொண்டு கம்ப்யூட்டர் வெகுநேரம் நிற்கும். மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். நம் ஊர் டயல் டோனைச் சில மோடம்கள் அடையாளம் காணாமல் 'நோ டயல் டோன்' என்று மறுக்கும்; டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யச் சொல்லும் எக்ஸ்3 கட்டளையைக் கூடுதல் செட்டிங்கில் எழுதினால் சரியாகும். பழைய எக்ஸ்சேஞ்ச் உள்ள பகுதிகளில் டோனை மாற்றிப் பல்ஸ் வைக்க வேண்டும்.

லைன் மோசமாக இருந்து மாற்ற வழியில்லாத வீடுகளில், வேகத்தைக் குறைத்தேன். மோடம் பேராசைப்பட்டு 42,000ல் இணையும். இரைச்சல் வந்ததும் பேச்சை நிறுத்தி மறுபடி முதலிலிருந்து ஒத்துப்போகப் பார்க்கும். அந்த நேரம் முழுக்கத் திரை உறைந்து நிற்கும். கட்டளை கொடுத்து அதை 28,800ல் கட்டிப்போட்டால் சீராக ஓடும். ஒரே கோப்பை இரண்டு விதமாகவும் இறக்கிக் கடிகாரத்தைக் காட்டிய பிறகுதான் வீட்டுக்காரர்கள் நம்பினார்கள். 28,800ல் ஒரு எம்.பி. இறங்க ஐந்து நிமிடம் போல ஆகும். அறுந்து அறுந்து வரும் 42,000ல் அது எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பலிக்காதவற்றில் முதலிடம் எம்.டி.யூ., ரிசீவ் விண்டோ திருத்தங்களுக்கு. எம்.டி.யூ. என்பது தரவுப் பொட்டலத்தின் உச்ச அளவு; விண்டோஸ் 95இல் அது 1,500 பைட். வழியில் எங்காவது 576 பைட்தான் செல்லும் என்றால் அது உடைபட்டுத் தாமதமாகும். அந்த நிலையில் 576 ஆக்கியது உதவியது. விண்டோஸ் 98 அதைத் தானே பார்த்துக்கொண்டது. ஒப்புதலுக்குக் காத்திராமல் வரக்கூடிய தரவின் அளவான ரிசீவ் விண்டோவை 32,000 ஆக்கினால் வேகம் பறக்கும் என்பார்கள். மோடம் வினாடிக்குத் தருவது 5,000 பைட் சொச்சம். அமெரிக்கா போய்த் திரும்ப ஒரு வினாடியே ஆனாலும் 8,192 என்ற பழைய அளவே தாராளம். கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் அதில் கை வைக்கவில்லை. இணைய வேகத்தை நான்கு மடங்காக்கும் என்று சிடியில் விற்ற மென்பொருள்களும் இந்த எண்களைத்தான் மாற்றின. சில, நாம் கேட்காத பக்கங்களையும் முன்கூட்டியே இறக்கி லைனை அடைத்தன.

மோடத்திலும் வித்தியாசம் உண்டு. மலிவான இன்டர்னல் மோடம்களில் பாதி வேலையை பிராசசர் செய்யும். பென்டியம் எம்எம்எக்ஸ் போன்ற பழைய மெஷினில் அதைப் போட்டால் ஒரு படம் திறக்கும்போதே இணைப்பு தடுமாறும். எக்ஸ்டர்னல் மோடம் விலை அதிகம். ஆனால் சிவப்பு விளக்குகளைப் பார்த்தே தரவு வருகிறதா, லைன் அறுந்ததா என்று சொல்லிவிடலாம். சித்திரை, ஐப்பசி இடிமழையில் இரண்டு வகையும் எரிந்தன. கரண்ட் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு டெலிபோன் வயரை விட்டவர்கள்தான் மறுநாள் மோடத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

இணைப்பைத் தாண்டி, அனுப்பும் பொருளிலும் வேகம் இருக்கிறது என்று எனக்குத் தெளிவாக்கியவர் காமராசர் சாலைப் பக்கம் சுங்குடிச் சேலை வியாபாரம் செய்த ஒரு பெரியவர். வெளியூர் வாங்குபவர்களுக்குப் புதிய டிசைனை மெயிலில் அனுப்ப ஆசை. முந்தானையை மடித்து ஸ்கேனரில் வைத்து, 300 டிபிஐயில் எடுத்து, பிட்மேப்பாகச் சேமித்திருந்தார் அவர் மகன். ஏ4 அளவு, 26 எம்.பி. மெயிலில் இணைக்கும்போது மூன்றில் ஒரு பங்கு இன்னும் பெருகும். 56கே மோடத்திலும் அனுப்பும் திசையில் 33,600தான் உச்சம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் லைன் அறாமல் இருந்தால்தான் ஒரு முந்தானை போய்ச் சேரும். போனாலும் வாங்குபவரின் மெயில்பாக்ஸ் ஏற்காது. அதையே 100 டிபிஐக்குக் குறைத்து ஜேபெக் ஆக்கினோம். நூற்றைம்பது கேபிக்குள் வந்தது. ஒரு நிமிடத்தில் போனது. புள்ளிக் கட்டும் சாயத்தின் நிறமும் திரையில் தெளிவாகத் தெரிந்தன. "இதுக்குத்தானாப்பா புது லைன் போடச் சொன்னாய்ங்க!" என்றார் பெரியவர்.

தமிழ்ப் பக்கங்களுக்கு வேறு ஒரு தடை இருந்தது. யூனிகோடு பரவாத காலம். ஒவ்வொரு பத்திரிகைத் தளத்துக்கும் ஒவ்வொரு எழுத்துரு. டைனமிக் ஃபான்ட் உள்ள தளங்களில் செய்தியோடு எழுத்துருவும் இறங்க வேண்டும். அது வருவதற்குள் திரையில் புரியாத குறிகள் நிற்கும். அடிக்கடி படிக்கும் தளத்தின் எழுத்துருவை ஒருமுறை இறக்கி ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போட்டுவிட்டால் அந்தக் காத்திருப்பு இல்லை. எங்கள் வாடிக்கையாளர் வீடுகளில் முரசு அஞ்சலும் சில எழுத்துருக்களும் போட்டுத் தருவது வேலையின் பகுதியாகவே ஆனது.

அந்த லைனுக்கு ஏற்ற மிகச் சிறந்த தமிழ்ச் சேவை எங்கள் ஊரின் பெயரையே தாங்கி வந்தது. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம் அது. உலகெங்குமுள்ள தமிழர்கள் ஊதியம் வாங்காமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து தந்தார்கள். படமில்லை, ஆடம்பரமில்லை, எழுத்து மட்டும். முழு நூலே சில நிமிடங்களில் இறங்கிவிடும். பிறகு லைனைத் துண்டித்துவிட்டு மாதக்கணக்கில் படிக்கலாம். தரவை இலேசாகக் கொடுத்தால் மெதுவான இணைப்பிலும் பெரிய சேவை செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி நான் பார்த்ததில்லை.

நகரத்தை விட்டு வெளியே போனால் கம்பியே போதாத ஊர்கள். 2001 இறுதியில் மேலூர் வட்டத்துக் கிராமங்களில் இணைய மையங்கள் அமைக்கும் 'சாரி' திட்டம் வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பம், என்-லோக் நிறுவனத்தின் வழியாக அங்கே இறங்கியது; அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு பல்கலைக்கழகங்களும் அதில் பங்கெடுத்தன. மேலூரில் கோபுரம், கிராமத்து மையத்தின் கூரையில் அதை நோக்கி ஒரு சிறிய ஆன்டெனா. போன் பேசிக்கொண்டே நெட் பார்த்தால் 35 கேபிபிஎஸ், பேசாவிட்டால் 70. நகரத்து மோடத்தைவிட அது மேல்.

அந்த மையங்கள் சிலவற்றுக்குக் கம்ப்யூட்டர் பார்க்கப் போயிருக்கிறேன். அங்கே வேகம் குறைந்தால் காரணம் வேறு. ஆன்டெனாவுக்கும் கோபுரத்துக்கும் நடுவே தென்னை வளர்ந்திருக்கும்; காற்றில் ஆன்டெனாக் குழாய் லேசாகத் திரும்பியிருக்கும்; கரண்ட் போய் பேட்டரி இறங்கியிருக்கும். ஒரு மையத்தை நடத்திய இளம்பெண், வயதானவர்களின் கண்ணை வெப் கேமராவில் படமெடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு மெயிலில் அனுப்புவார். "படம் சின்னதா இருந்தா சீக்கிரம் போகுதுண்ணே, ஆனா டாக்டருக்குக் கண்ணுல பொறை தெரியணும்ல" என்றார். எவ்வளவு குறைக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்ற இந்தத் தொழிலின் மொத்த அறிவும் அந்த ஒரு பேச்சில் இருந்தது. படம் பார்த்த மருத்துவர் வரச் சொன்னவர்கள் மட்டும் பஸ் ஏறினார்கள்; மற்றவர்களுக்கு ஒருநாள் கூலி மிஞ்சியது. வருமானம் கட்டுப்படியாகாமலும், பழுதுக்கு உடனே ஆள் கிடைக்காமலும் அந்த மையங்களில் பலவும் சில ஆண்டுகளில் மூடப்பட்டன. இணைப்பைக் கொடுத்தால் மட்டும் போதாது, அதைப் பராமரிக்க ஆளும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் பிராட்பேண்ட் தொடங்கியது. 256 கேபிபிஎஸ் வேகம், போனும் பேசலாம். எங்கள் பிழைப்பு முடிந்தது என்றார்கள். முடியவில்லை. அதே செம்புக் கம்பி, அதே ரோசெட், அதே பேரலல் போன். ஸ்ப்ளிட்டர் போடாமல் இழுத்த ஒரு வயர் போதும், பிராட்பேண்ட் விட்டு விட்டு வர. இன்று ஃபைபர் வந்த வீடுகளிலும் ரவுட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, வேகம் போதவில்லை என்று அதிக விலைத் திட்டத்துக்கு மாறுகிறார்கள். பணம் கட்டுவதற்கு முன் ரவுட்டரிலேயே நேராக வயரைச் செருகி ஒருமுறை அளந்து பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதும் மறுபடி அளவெடுங்கள்.

தமிழில் இணையதளம், செயலி செய்கிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். இன்று பல மொபைல் திட்டங்களில் அன்றைய டேட்டா தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்குகிறது. அது ஏறக்குறைய அன்றைய மேலூர் மையத்தின் வேகம்தான். மூன்று எம்.பி. எடையுள்ள ஒரு செய்திப் பக்கம் அதில் திறக்க ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும். தேர்வு முடிவு, ஸ்காலர்ஷிப் படிவம், மழை எச்சரிக்கை போன்றவற்றைத் தேடி அந்த நேரத்தில் வருகிறவர் ஒரு கிராமத்துப் பிள்ளையாக இருக்கலாம். உங்கள் பக்கத்தை வெளியிடும் முன் அந்த 64இல் ஒருமுறை திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் எடையைக் குறையுங்கள்.